கோலினெஸ்டரேஸ் நார்மல் என்று வந்தால் தொடர்ந்து மருந்து அடிக்கலாமா?

வாசகர் கேள்வி, 8 அக்டோபர் 2023

சித்தப்பா கூலிக்கு மருந்து அடிக்கிறவர். பருத்தி, மக்காச்சோளம் எல்லாவற்றுக்கும் போவார். போன வாரம் தலை கிறுகிறுக்கிறது என்றார். டவுனில் ரத்தம் கொடுத்து கோலினெஸ்டரேஸ் பார்த்தோம். 5,900 வந்தது. பக்கத்தில் 5,320 முதல் 12,920 வரை என்று போட்டிருக்கிறது. நார்மல்தான், பயப்படாதீர்கள் என்றார்கள். அப்படியென்றால் உடம்பில் மருந்து ஏறவில்லை, தொடர்ந்து அடிக்கலாம் என்றுதானே அர்த்தம்?

8 அக்டோபர், இரவு

அந்த அர்த்தம் வராது. கோலினெஸ்டரேஸ் என்பது ரத்தத்தில் இருக்கிற ஒரு நொதி, சில வகைப் பூச்சி மருந்து உடம்பில் ஏறினால் அது குறையும். நான் லேப் டெக்னீசியன், பெரம்பலூர் பக்கம். பதினாறு வருடமாக இந்த வேலை.

உங்கள் சித்தப்பாவுக்கு மருந்தே தொடாத காலத்தில் எவ்வளவு இருந்தது? அது தெரிந்தால்தான் 5,900 என்பதற்கு ஏதாவது பொருள் உண்டு. அவருக்கு எப்போதும் 6,200 இருக்கும் என்றால் இன்றைக்கு ஒன்றுமே குறையவில்லை. எப்போதும் 11,000 இருக்கும் ஆள் என்றால் ஏறக்குறைய பாதி போய்விட்டது. இரண்டு பேருக்கும் ஒரே பேப்பர்தான் வரும், இரண்டிலும் நார்மல் என்றுதான் இருக்கும். ஆளுக்கு ஆள் இந்த நொதி அவ்வளவு மாறும். அந்த 5,320 முதல் 12,920 என்பது ஊரில் இருக்கிற எல்லாரையும் சேர்த்து வைத்த வரம்பு, உங்கள் சித்தப்பாவின் வரம்பு இல்லை.

தலை கிறுகிறுப்பு இன்னும் இருக்கிறதா? இருந்தால் மருந்து அடிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள், பேப்பரில் என்ன எண் இருந்தாலும்.

9 அக்டோபர்

நேற்று அவசரமாக எழுதினேன். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இன்னும் புரியும்.

2022 ஆடியில் லேபுக்குப் புது ரீஏஜென்ட், அதாவது இந்தச் சோதனைக்கான ரசாயனம், வந்தது. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஏழெட்டுப் பேர் ரத்தம் வேண்டியிருந்தது. அன்றைக்கு அண்ணனும் அண்ணியும் வேறு வேலையாக டவுனுக்கு வந்திருந்தார்கள். கையைப் பிடித்து உட்காரவைத்து எடுத்துவிட்டேன். அண்ணனுக்கு 9,600. அண்ணிக்கு 8,050. தாளை மடித்து மேசை டிராயரில் போட்டதோடு மறந்துவிட்டேன்.

அண்ணனுக்கு மூன்று ஏக்கர் மானாவாரிப் பருத்தி. தன் காட்டுக்கு அடித்தது போக, ஊரில் கூப்பிடுகிறவர்களுக்கும் டேங்க் கணக்கில் அடிப்பார். அந்த வருடம் ஐப்பசி கடைசியில் வந்தபோது, தினமும் சாயங்காலம் தலைவலி, ராத்திரி தூக்கம் இல்லை என்றார். ரத்தம் எடுத்தேன். 5,500. பக்கத்தில் இருந்தவர் நார்மல் என்று டிக் போட்டார். நானும் அப்படித்தான் பேப்பரைக் கொடுத்திருப்பேன். ஆடியில் எடுத்தது ஞாபகம் வந்து டிராயரைத் தேடினேன். 9,600 இருந்த ஆளுக்கு 5,500 என்றால் 57 சதவீதம்தான் மிச்சம்.

கலிபோர்னியாவில் பண்ணை ஆட்களுக்கு இந்தச் சோதனை 1974 முதல் நடக்கிறது. அங்கே சீரத்தில், அதாவது அணுக்களை நீக்கிய ரத்த நீரில், இருக்கிற நொதி அவரவர் சொந்த அளவில் 60 சதவீதமாகவோ அதற்குக் கீழோ இறங்கினால் அந்த ஆளை மருந்துப் பக்கமே விடக்கூடாது. திரும்ப 80 சதவீதத்துக்கு ஏறிய பிறகுதான் விடுவார்கள். அந்தக் கணக்குப்படி என் அண்ணன் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தப்பட வேண்டியவர். எங்கள் லேப் பேப்பர்படி நார்மல்.

அன்றிலிருந்து யார் இந்த டெஸ்ட்டுக்கு வந்தாலும் முதலில் கேட்பது, "மருந்து சீசனுக்கு முன்னாடி எடுத்தது இருக்கா?" இதுவரை ஒருவரிடமும் இருந்ததில்லை.

9 அக்டோபர், மாலை

மருந்து அடிக்கிற ஒரு தம்பி கேட்கிறார்: ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்றுதானே அளக்கிறார்கள்?

இல்லை தம்பி. மருந்தை இந்த டெஸ்ட் பார்ப்பதில்லை. மருந்து கெடுத்துவைத்ததைப் பார்க்கிறது. நரம்பு, தசைக்கு அசிட்டைல்கோலின் என்ற பொருளை அனுப்பித்தான் சுருங்கு என்கிறது. சுருங்கி முடிந்ததும் அந்தப் பொருளை அங்கேயே உடைத்து அகற்றுகிற நொதி அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சி மருந்து அந்த நொதியில் போய் ஒட்டிக்கொள்கிறது. அகற்ற ஆள் இல்லாமல் அசிட்டைல்கோலின் தேங்குகிறது. வியர்வை, எச்சில், கண் பாப்பா சுருங்குவது, வயிற்றுப்போக்கு, தசை துடிப்பது எல்லாம் அதனால்தான். பூச்சி சாவதும் அதே வழியில்தான், நமக்கும் அதே நொதி இருக்கிறது.

நரம்பில் ஊசி போட்டு எடுக்க முடியாது, அதனால் ரத்தத்தில் பார்க்கிறோம். ரத்தத்தோடு ஒரு பொருளைச் சேர்த்தால் நொதி அதை உடைக்கும், உடைய உடைய மஞ்சள் நிறம் ஏறும். எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் அளவு. 1961 இல் எல்மன் என்பவர் கொண்டுவந்த முறை. இப்போது மெஷினில் நடந்துவிடுகிறது.

11 அக்டோபர்

முந்தாநாள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ரத்தத்தில் இரண்டு வகை நொதி இருக்கிறது.

ஒன்று கல்லீரல் செய்து சீரத்தில் விடுவது, பியூட்டைரில்கோலினெஸ்டரேஸ். சும்மா கோலினெஸ்டரேஸ் என்று எழுதிக்கொடுத்தால் நம் ஊர் லேபில் பார்ப்பது இதைத்தான். இன்னொன்று சிவப்பணுவின் மேல் ஒட்டியிருப்பது. நரம்பில் இருக்கிற நொதியும் இதுவும் ஒன்றே, ஆகவே உடம்புக்குள் நடப்பதைக் கிட்டத்தில் காட்டுவது இதுதான். ஆனால் இதைப் பார்க்கிற லேப் குறைவு. ரத்தத்தைக் குளிரவைத்துப் பெரிய ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

சீரத்தில் இருப்பது சீக்கிரம் விழும், சில வாரங்களில் எழுந்துவிடும். சிவப்பணுவில் இருப்பது அப்படி எழாது. பழைய அணு செத்து, புது அணு வந்தால்தான் ஏறும், நாளைக்கு ஒரு சதவீதம் அளவுக்குத்தான். பாதி விழுந்தால் திரும்ப நிறைய மாதக்கணக்கில் ஆகலாம். சிவப்பணு நிறுத்தும் அளவு கலிபோர்னியாவில் 70 சதவீதம். இன்னும் கண்டிப்பு.

ஆக முடிந்தால் இரண்டும் பாருங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் சீரம் பாருங்கள். சீசன் முழுக்க ஒரே லேபில் பாருங்கள். லேபுக்கு லேப் முறை வேறு, யூனிட் வேறு. பெரம்பலூரில் ஒன்றும் திருச்சியில் ஒன்றும் எடுத்துக் கழித்துப் பார்த்தால் எதுவும் கிடைக்காது.

12 அக்டோபர்

நார்மலாக மருந்தே அடிக்காத என் மனைவிக்கு 1,100 வந்திருக்கிறது, மருந்து காற்றில் வந்து ஏறியதா என்று ஓர் அண்ணன் கேட்கிறார்.

பக்கத்தில் யாரும் மருந்து அடிக்கவில்லை, உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் வேறு காரணத்தைத் தேடுங்கள். கல்லீரல் கெட்டால் குறையும். கர்ப்பத்தில் குறையும். சாப்பாடு போதாவிட்டாலும் குறையும். பிறவியிலேயே குறைவாக இருக்கிறவர்களும் உண்டு. ஆரிய வைசியர் சமூகத்தில் இது மற்றவர்களைவிட அதிகம் என்று மயக்க மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். அன்றாட வாழ்க்கையில் அவர்களுக்கு ஒரு குறையும் இருக்காது. ஆபரேஷனில் தசையைத் தளரவைக்கிற சக்சினைல்கோலின் என்ற மருந்து போட்டால்தான் தெரியும். மற்றவர்களுக்குச் சில நிமிடத்தில் தெளிகிற மருந்து அவர்களுக்கு மணிக்கணக்கில் தெளியாது, அதுவரை மெஷின்தான் மூச்சு கொடுக்க வேண்டும்.

அதனால் அந்தப் பேப்பரைத் தூக்கி எறியாதீர்கள். இன்னொரு முறை எடுத்துப் பார்த்து, அதே அளவு வந்தால் பத்திரமாக வைத்திருந்து, எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். உங்கள் மனைவியின் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் எடுத்துவிடுவது நல்லது.

12 அக்டோபர், இரவு

அதோடு எந்தக் குழாயில் ரத்தம் எடுத்தார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சாம்பல் மூடிக் குழாய் சர்க்கரைக்கு உள்ளது. அதில் புளோரைடு இருக்கும், புளோரைடு இந்த நொதியையே அமுக்கிவிடும். ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து ஒரு பெண்ணின் ரத்தம் எங்களிடம் வந்தது, அளவு தரையில் கிடந்தது. விஷம் குடித்தாயா என்று அந்தப் பெண்ணை வார்டில் எல்லார் முன்னாலும் விசாரித்துவிட்டார்கள். அது அழுத அழுகையைப் போனிலேயே கேட்டேன். சிவப்பு மூடியில் புதிதாக எடுத்து அனுப்பச் சொன்னேன், 7,000 சொச்சம் வந்தது. ஒரு மூடியின் நிறத்தால் அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு அவமானம். இதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

15 அக்டோபர்

நிறையப் பேர் கேட்டது: எப்போது எடுத்தால் அந்தச் சொந்த அளவு கிடைக்கும்?

முதல் டேங்க் கலக்குவதற்கு முன். மருந்து தொட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தால் போதும்.

16 அக்டோபர்

நேற்று எழுதியது தவறு, அதன்படி யாரும் நடக்க வேண்டாம். குறைந்தது 30 நாள் ஆகியிருக்க வேண்டும். சிவப்பணு நாளைக்கு ஒரு சதவீதம்தான் ஏறும் என்று நானே 11ஆம் தேதி எழுதியிருக்கிறேன், அப்புறம் இரண்டு வாரம் எப்படிப் போதும்? விழுந்து கிடக்கிற அளவையே சொந்த அளவு என்று குறித்துவைத்துவிட்டால், அடுத்து எவ்வளவு விழுந்தாலும் கொஞ்சம்தான் விழுந்தது போலத் தெரியும். எடுக்காமல் இருப்பதைவிட அது மோசம்.

ஒருமுறை எடுப்பதும் போதாது. மூன்று நாளிலிருந்து பதினான்கு நாள் இடைவெளி விட்டு இரண்டு முறை எடுத்துச் சராசரி வைத்துக்கொள்வது கலிபோர்னியாவில் வழக்கம். என் அண்ணனுக்கு நான் வைத்திருந்தது ஒரே ஓர் அளவு. அந்த 57 சதவீதத்தில் ஐந்து, ஆறு இப்படி அப்படி இருந்திருக்கலாம். மெஷினே தினம் ஒரே மாதிரி படிக்காது. பத்து சதவீதம் குறைந்தால் பதற வேண்டாம். இருபது குறைந்தால் டேங்க் ஒழுகுகிறதா, எந்தத் துணியில் அடிக்கிறார், எங்கே கை கழுவுகிறார் என்று பார்க்கத் தொடங்க வேண்டும்.

கேள்வி கேட்ட நண்பருக்கு: சித்தப்பாவுக்கு முன் அளவு இல்லை என்பதால் கதை முடிந்துவிடவில்லை. சீசன் முடிந்து மருந்தை விட்டபிறகு இரண்டு மூன்று முறை எடுங்கள். ஏறி ஏறி ஓர் இடத்தில் நிற்கும். நிற்கிற இடம்தான் அவர் அளவு. அதை வைத்து இந்த 5,900 ஐத் திரும்பிப் பார்க்கலாம்.

21 அக்டோபர்

மருந்து அடித்துவிட்டுப் பால் குடித்தால், வாழைப்பழம் சாப்பிட்டால் முறிந்துவிடும் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அப்பாவும் அப்படித்தான், சாயங்காலம் ஒரு சொம்புப் பால் குடித்துவிட்டுத் திருப்தியாகப் படுப்பார். பால் குடிப்பதில் தவறில்லை, குடியுங்கள். ஒட்டிக்கொண்ட மருந்தை நொதியிலிருந்து பால் பிரிக்காது.

மருந்து ஏறுவது பெரும்பாலும் தோல் வழியாக. மூக்கில் துண்டு கட்டியிருக்கிறேன், எனக்கு எப்படி ஏறும் என்று கேட்கிறார்கள். முதுகில் டேங்க் ஒழுகிச் சட்டை நனைந்திருக்கும், வெயிலில் வியர்த்திருக்கும், அந்தச் சட்டையோடு மதியம்வரை நிற்பார்கள். மூக்கில் கட்டிய துண்டும் நனைந்தால் மருந்தை முகத்தில் ஒட்டவைத்தது போலத்தான். வாஷர் மாற்றிய டேங்கும், முழுக்கைச் சட்டையும், வரப்பிலேயே சோப்புப் போட்டுக் குளிப்பதும் செய்கிற வேலையைப் பால் செய்யாது.

22 அக்டோபர்

துணி என்றதும் அண்ணி நினைவு. அண்ணனுக்கு 57 வந்த அன்றே அண்ணிக்கும் எடுத்தேன். 8,050 இருந்தது 6,350 ஆகியிருந்தது. இருபத்தொரு சதவீதம் இறக்கம். அண்ணி ஒரு நாள்கூட டேங்க் தூக்கியதில்லை.

என்ன செய்கிறாய் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். காலையில் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமக்கிறார். பாட்டிலைத் திறந்து மூடியில் அளந்து, வாளியில் ஊற்றி, குச்சியால் கலக்குகிறார். கலக்கியதை டேங்கில் ஊற்றுகிறார். சாயங்காலம் அண்ணன் கழற்றிப் போட்ட சட்டையைக் கையால் கசக்கித் துவைக்கிறார். மறுநாள் அதே காட்டில் களை எடுக்கிறார். பாட்டிலில் இருப்பது தண்ணீர் சேராத முழு மருந்து, டேங்கில் இருப்பது அதைப் பல நூறு மடங்கு கரைத்தது. முழு மருந்தைத் தொடுகிற கை அண்ணியுடையது. மருந்து அடிப்பவர்களுக்கு முகாம் என்று கூப்பிட்டால் ஆண்கள் மட்டும் வரிசையில் நிற்பார்கள்.

அண்ணிக்கு ஹீமோகுளோபின் 8. ரத்தம் குறைவாக உள்ளவர்களுக்குச் சிவப்பணு நொதியை ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு வாங்க வேண்டும். அப்படியே அளந்தால் அணு குறைவாக இருப்பதாலேயே அளவு குறைவாகத் தெரியும்.

25 அக்டோபர்

இங்கே ஒருவர் கொஞ்சம் காரமாகவே எழுதியிருக்கிறார்: "இந்தியாவில் இதற்கெல்லாம் சட்டம் கிடையாது, நீங்கள் கலிபோர்னியாக் கதை பேசுகிறீர்கள்." நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

27 அக்டோபர்

சட்டம் இருக்கிறது. வேளாண் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் ஐயா இதைப் படித்துவிட்டு அனுப்பினார். 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் 1971 இல் வந்த விதிகள், அதில் 37ஆம் விதி. மருந்து செய்கிற இடத்திலோ தெளிக்கிற வேலையிலோ இருப்பவர்களை வேலைக்குச் சேரும் முன் மருத்துவர் பார்க்க வேண்டும், அப்புறமும் காலக்கெடு வைத்துப் பார்க்க வேண்டும். ஆர்கனோபாஸ்பரஸ் (ஆர்கனோபாஸ்பேட் இந்த வகைதான்), அதே நொதியை அமுக்குகிற கார்பமேட் ஆகிய மருந்துகளில் வேலை செய்பவர்களுக்கு ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் மாதம் ஒருமுறை அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை! ஐம்பது வருடமாக விதியில் எழுதி இருக்கிறது.

இரண்டு முறை படித்தேன். கம்பெனி ஆள் என்றால் பதிவேடு இருக்கும், யாராவது கேட்கலாம். என் அண்ணனுக்கு யார் முதலாளி? இன்றைக்கு ஒரு காடு, நாளைக்கு வேறொரு காடு, டேங்குக்கு இவ்வளவு என்று காசை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். அவரைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் எடுக்க வேண்டியது யார் என்று தேடினால் யாரும் அகப்படவில்லை.

2017 இல் மகாராஷ்டிரத்தில் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதே வருடம் எங்கள் பெரம்பலூர் மாவட்டத்திலும் சாவு விழுந்தது. அந்த மாதங்களில் ஊருக்குள் பேச்சே அதுதான். அந்த 37ஆம் விதியை அப்போதும் எங்கள் ஊரில் ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை.

30 அக்டோபர்

மயங்கி விழுந்தவரை முதலில் லேபுக்குக் கொண்டுபோய் இந்த டெஸ்ட் எடுக்கலாமா என்று ஒரு கேள்வி. கூடவே கூடாது. 108ஐக் கூப்பிடுங்கள். சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கழுவுகிறவர் வெறுங்கையில் தொட வேண்டாம். அட்ரோபின் என்ற விஷமுறிவு ஊசி போடுவதை ரிப்போர்ட்டுக்காக நிறுத்திவைக்கிற மருத்துவர் இருக்க மாட்டார். நேரம் போகப் போக மருந்து நொதியில் இறுகிவிடும், அப்புறம் அதைப் பிரிப்பதற்கென்றே போடுகிற பி.ஏ.எம். ஊசிக்கும் பிரியாது. மோனோகுரோட்டோபாஸ் மாதிரி சிலவற்றுக்குச் சில மணி நேரத்திலேயே இறுகத் தொடங்கும். மருந்துப் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள், அது லேப் ரிப்போர்ட்டைவிடப் பயன்படும்.

4 நவம்பர்

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். இந்த டெஸ்ட் எல்லா மருந்தையும் பிடிக்கும் என்பது போல ஒரு தோற்றம் வந்துவிட்டது. ஆர்கனோபாஸ்பேட்டையும் கார்பமேட்டையும் மட்டும்தான் பிடிக்கும்.

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ், அசிபேட் தெரியும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அடிக்கிற இமிடாகுளோபிரிட் தெரியாது. சைபர்மெத்ரின் தெரியாது. களைக்கு அடிக்கிற பாராகுவாட் தெரியாது, அது நுரையீரலையே தின்றுவிடும், இந்த அளவு அசையாது. காசர்கோட்டில் அத்தனை பேரைப் படுத்திய எண்டோசல்பான் ஆர்கனோகுளோரின் வகை, அதுவும் இதில் தெரியாது. கார்பமேட் நொதியைத் தானாகவே விட்டுவிடும், ஓரிரு நாளில் அளவு பழையபடி ஆகிவிடும். திங்கட்கிழமை மயங்கியவர் வியாழக்கிழமை ரத்தம் கொடுத்தால் ஒன்றும் இல்லை என்று வரும். குழாயில் வைத்திருக்கும்போதே நொதி விடுபட்டுவிடுவதும் உண்டு.

18 நவம்பர்

இத்தனை நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருக்கிற ஒன்று.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஆப்பிள் தோட்டத்து ஆட்கள் இந்தச் சோதனை வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2002 இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2004 இல் சோதனை கட்டாயமானது. முதல் வருடம் சீசனுக்கு நடுவில் திரும்ப எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு 20 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தது. நல்ல கருவி, பயிற்சி, முதலாளி எல்லாம் இருக்கிற இடத்தில் ஐந்தில் ஒருவர்.

நான் அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லி ஆறு வாரம் மருந்தைத் தொடாதே என்றேன். பொறுமையாகக் கேட்டார். "சரிம்மா, ஆறு வாரம் உக்காந்திருக்கேன். கார்த்திகை மார்கழி கூலிய உன் மெஷின் குடுக்குமா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கணக்குக் கேட்பது போலத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வாஷிங்டனில் அதற்குப் பதில் இருக்கிறது. அளவு இறங்கி மருந்து வேலையிலிருந்து விலக்கப்பட்ட ஆளுக்கு மூன்று மாதம்வரை பழைய சம்பளத்தை முதலாளி கொடுத்தாக வேண்டும். வேறு வேலை கொடுக்கலாம், காசைக் குறைக்கக் கூடாது. இந்த வரி இல்லாமல் டெஸ்ட்டை மட்டும் கொண்டுவந்தால், அளவு இறங்கியதை ஆளே மறைப்பார். என் அண்ணனே மறைப்பார்.

19 நவம்பர்

அண்ணன் கடைசியில் என்ன செய்தார் என்று நான்கைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். ஊருக்கு அடிப்பதை விட்டார். தன் காட்டுக்கு மட்டும் ஆள் வைத்து அடித்தார். அந்த ஆறு வாரம் மாமா பையனின் செங்கல் சூளையில் வேலை, கூலி பாதிதான். மூன்று வாரத்தில் 7,100, ஆறு வாரத்தில் 8,200. தூக்கம் திரும்பி வந்தது என்று அண்ணிதான் முதலில் சொன்னார்.

அவர் காட்டுக்குக் கூலிக்கு அடித்த பையனுக்கு நான் டெஸ்ட் எடுக்கவில்லை. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. அந்தச் சீசனில் இரண்டாம் ஆள் ஒருவனுக்கு அந்தச் சுமையை மாற்றிவிட்டிருக்கிறோம்.

2024 பிப்ரவரி 11

முதல் கேள்வியைக் கேட்ட நண்பர் திரும்ப வந்திருக்கிறார். சித்தப்பா கார்த்திகையோடு மருந்தை விட்டார், இரண்டு முறை எடுத்தார்கள். 8,600, அப்புறம் 8,700. நின்றுவிட்டது. அப்படியானால் அக்டோபரில் அவருக்கு இருந்தது தன் அளவில் 68 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது, நார்மல் என்ற பேப்பரோடு மேலும் இரண்டு மாதம் அடித்திருக்கிறார். அந்த நேரம் எடுத்திருந்தால் எவ்வளவு இருந்திருக்குமோ தெரியாது.

நண்பரே, 8,650 என்று சராசரியை எழுதி ரேஷன் கார்டு வைக்கிற இடத்திலேயே வையுங்கள். தொலைந்துவிடக் கூடாது.

2024 மார்ச் 3

எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதை இலவசமாக எடுக்க வேண்டும் என்று மனு எழுதலாம், கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தம்பி கேட்கிறார். போடுகிறேன். ஆனால் மனுவில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன். ஆடிக்கு முன் ஒருமுறை, சீசனில் மாதம் ஒருமுறை. எடுக்கிறவர்களில் மருந்து கலக்குகிற பெண்களும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் தை மாதத்தில் ஒரு நாள் பந்தல் போட்டு முகாம் நடத்தினால் எல்லாருக்கும் நார்மல் என்று வரும், எல்லாரும் தைரியமாக வீட்டுக்குப் போவார்கள். அதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மூன்றாவது வரி கூலி பற்றியது. அதை எப்படி எழுதுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

2024 ஜூன் 30

மனுவுக்குப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று, இன்றைக்கு ஊரில் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே எடுத்தோம். ரீஏஜென்ட் செலவை மட்டும் வாங்கிக்கொள்ள லேப் உரிமையாளர் ஒத்துக்கொண்டார். பதினொரு பேர். அதில் நான்கு பெண்கள், அண்ணிதான் வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்தார். பத்து நாள் கழித்து இரண்டாம் முறை. சிவப்பு மூடி, பெயர், தேதி, கடைசியாக எந்த மருந்தை எப்போது தொட்டார்கள் என்று நீள நோட்டில் எழுதியிருக்கிறேன்.

2022 இல் அண்ணன் காட்டுக்கு அடித்த பையனையும் வரச்சொல்லியிருந்தேன். கடைசியாக வந்தான். போன வாரம்தான் கிணற்றுப் பாசன மக்காச்சோளத்துக்குப் படைப்புழு மருந்து அடித்தானாம். எமாமெக்டின் என்றால் இந்த நொதியைத் தொடாது, எடுத்துவிடலாம் என்று ஊசியைக் கையில் எடுத்தேன். அப்புறம் சந்தேகம் வந்து பாட்டிலைக் கொண்டுவா என்றேன். சைக்கிளில் போய் இரண்டு காலிப் பாட்டில் கொண்டுவந்தான். ஒன்று எமாமெக்டின். இன்னொன்று, கடைக்காரர் சேர்த்து அடிக்கச் சொன்னாராம், புரோபெனோபாஸும் சைபர்மெத்ரினும் கலந்தது.

ஊசியை வைத்துவிட்டேன். நோட்டில் பன்னிரண்டாவது வரியில் அவன் பெயரை எழுதி, எதிரே ஜூலை 28 என்று போட்டேன். அதுவரை மருந்து தொடாமல் இருக்க முடியுமா என்று கேட்டேன். அண்ணனைப் பார்த்தான். கிணற்றுத் தூர் வாருகிற வேலை இருக்கிறது, நாளைக்கே வா என்றார் அண்ணன்.